படகில் போய், கடலுக்கடியில் நடந்து திரும்ப ஒரு ஊர்: ஷிமோனோசெகியும் மோஜியும்

நான் தூத்துக்குடிக்காரன். கப்பல் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். எந்த ஊருக்குப் போனாலும் துறைமுகம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கண் தேடும். ஜப்பானில் அப்படித் தேடிப் போன இடம்தான் கன்மோன் நீரிணை. ஹொன்ஷு தீவின் மேற்கு முனையில் ஷிமோனோசெகி, கியூஷு தீவின் வடக்கு முனையில் மோஜி. நடுவில் ஒரு கடல், குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 650 மீட்டர்தான். அந்தச் சந்துக்குள் புகுந்துதான் கொரியாவுக்கும் சீனாவுக்கும் போகிற கப்பல்களும் ஒசாகா பக்கம் போகிற கப்பல்களும் நாள் முழுக்கப் போய் வருகின்றன.

இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை தனியாகப் போய், செய்யக்கூடாததை எல்லாம் செய்தேன். இரண்டாம் தடவை மனைவியோடு. அவள் முட்டைகூடத் தொடாத சைவம். அதனால் இங்கே எழுதுவதில் பாதி என் தப்புகள், பாதி அவள் சாப்பாடு.

பெரும்பாலானவர்கள் கியூஷுவின் பெரிய நகரமான ஃபுகுவோகாவிலிருந்து காலையில் வந்து, மீன் சந்தையில் சுஷி (சோற்றுப் பிடியின்மேல் மீன் துண்டு) சாப்பிட்டுவிட்டு மதியமே திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். அதுவும் வியாழன் அல்லது வெள்ளி மாலை வந்து சேர்ந்து, மறுநாள் முழுதும் சுற்றுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். வார நடுவில் வந்தால் சந்தையில் பாதி சுவாரசியம் இருக்காது. காரணம் பின்னால் வருகிறது.

போய்ச் சேர்வது

ஃபுகுவோகாவுக்கு சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது தோது. விமான நிலையத்திலிருந்து ஹகாதா ஸ்டேஷனுக்கு மெட்ரோவில் ஐந்தே நிமிஷம். அங்கிருந்து கொகுராவுக்கு ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயிலில் கால் மணி நேரம். சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் காசு மிச்சம். கொகுராவில் லோக்கல் ரயில் மாறினால் இன்னொரு கால் மணியில் மோஜிகோ.

இங்கேதான் கவனம். மோஜி என்று ஒரு ஸ்டேஷன், மோஜிகோ என்று ஒரு ஸ்டேஷன். ‘கோ’ என்றால் துறைமுகம். மோஜி முதலில் வரும். பெயரைப் பார்த்ததும் நான் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். வெளியே வந்து கடலையும் பழைய கட்டடங்களையும் தேடுகிறேன், ஒன்றையும் காணோம். நீங்கள் போகவேண்டியது அதற்கு அடுத்த ஸ்டேஷனையும் தாண்டி, தண்டவாளமே முடிந்துபோகிற மோஜிகோ. முட்டுக்கட்டை தெரிகிற வரை இறங்காதீர்கள்.

மோஜிகோ ஸ்டேஷனை வெறுமனே கடந்து போய்விடாதீர்கள். 1914-இல் கட்டிய இரண்டு மாடி மரக் கட்டடம். பல வருஷம் பிரித்துப் பழுது பார்த்து, 2019-இல் பழைய தோற்றத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு சின்னத் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, ‘திரும்பி வந்தவர் தண்ணீர்’ என்ற பொருளில் ஒரு பெயரோடு. போர் முடிந்து கடல் கடந்து வந்து இறங்கியவர்கள் ஊர் மண்ணில் முதலில் குடித்த தண்ணீர் என்பார்கள். நானும் ஒரு கை ஏந்திக் குடித்தேன். தாமிரபரணி அளவுக்கு இல்லை. ஆனால் குடிக்கவேண்டிய தண்ணீர்.

தங்குவதை மோஜிகோ பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. காசு பார்க்கிறவர்கள் கொகுராவில் தங்கலாம், அங்கே மலிவான ஓட்டல்கள் நிறைய. கடலைப் பார்த்த அறை கேட்டு வாங்குங்கள். ராத்திரி ஜன்னலில் கப்பல் விளக்குகள் ஊர்ந்து போவதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தது.

காலையில் படகு, அப்புறம் சந்தை

காலையில் முதல் வேலையாக மோஜிகோ படகுத்துறையிலிருந்து எதிர்க்கரைக் கராத்தோவுக்குப் படகு ஏறுங்கள். ஐந்து நிமிஷப் பயணம், சில நூறு யென். ஏறக்குறைய இருபது நிமிஷத்துக்கு ஒரு படகு. மேல்தளத்தில் உட்காருங்கள். நீரோட்டம் வேகமாக இருக்கிற நேரமானால் படகு துள்ளும், கொஞ்சம் நனையவும் செய்வீர்கள். கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

இறங்கினால் எதிரிலேயே கராத்தோ மீன் சந்தை. ஊர்க்காரர்களுக்கான வியாபாரம் அதிகாலையிலேயே தொடங்கிவிடும். ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும் மீன் வியாபாரிகளே சுஷி பிடித்துத் தட்டு தட்டாக அடுக்கிவைத்து விற்பார்கள். வெள்ளி, சனியில் காலை பத்து மணி வாக்கில் ஆரம்பம். ஞாயிறில் எட்டு மணிக்கே. போகும் முன் அந்த மாத நாள்காட்டியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை சுலபம். பிளாஸ்டிக் டப்பாவும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு, வேண்டிய துண்டுகளை நாமே எடுத்து வைக்கவேண்டும். ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் காசு. விலை துண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் எழுதியிருக்கும். சில்லறை யென் வைத்திருங்கள். பதினொரு மணிக்கு மேல் நுழைய முடியாத கூட்டம், அதனால் ஆரம்பித்த அரை மணிக்குள் வாங்கி முடித்துவிடுங்கள். முதலில் மாடிக்குப் போய் நடைபாதையிலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்து, எந்தக் கடையில் உள்ளூர்ப் பாட்டிகள் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு இறங்குவது என் வழக்கம்.

டப்பாவோடு எல்லாரும் வெளியே கடலோர மரத்தளத்தில் போய் உட்காருவார்கள். நானும் உட்கார்ந்தேன். பருந்து படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. நாம் பார்க்காத பருந்தா என்று நினைத்துக்கொண்டு சூரை மீன் துண்டைக் குச்சியில் தூக்கினேன். காதோரமாக ஒரு காற்று, கன்னத்தில் இறகு பட்டதுபோல் ஒரு உரசல். குச்சி கையில் இருக்கிறது, மீனும் இல்லை, சோறும் இல்லை. கத்தக்கூட நேரம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஒன்றும் பேசாமல், சுவரில் முதுகைச் சாய்த்து டப்பா மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிடுவது எப்படி என்று செய்து காட்டினார். பருந்து பின்னாலிருந்துதான் வரும். முதுகுக்குச் சுவர் வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மறக்காதீர்கள்.

இந்த ஊரின் பெருமை ஃபுகு மீன். நம் கடற்கரையில் பேத்தை என்போமே, வலையில் விழுந்தால் எடுத்து எறிகிற மீன், அந்தக் குடும்பம்தான். ஈரலிலும் சினையிலும் நஞ்சு. அதனால் உரிமம் பெற்றவர் மட்டுமே வெட்டலாம். நூற்றாண்டுகளாகத் தடை இருந்தது. பிரதமர் இட்டோ ஹிரோபூமி இந்த ஊர் ஷுன்பன்ரோ விடுதியில் சாப்பிட்டுப் பார்த்து மயங்கி, 1888-இல் இந்த மாகாணத்தில் தடையை எடுக்கவைத்தார் என்பது ஊர்க் கதை மட்டும் அல்ல, அந்த விடுதிக்குத்தான் முதல் அனுமதி. ஷிமோனோசெகிக்காரர்கள் ‘ஃபுகு’ என்று சொல்லமாட்டார்கள், ‘ஃபுக்கு’ என்பார்கள். அதிர்ஷ்டம் என்று பொருள் வரும். தட்டில் உள்ள சித்திரம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, செவ்வந்திப் பூபோல் அடுக்குவார்கள். உண்மையைச் சொன்னால் ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மெல்லுகிற சுகம்தான். சந்தையில் கிடைக்கும் பொரித்த ஃபுகுவும் ஃபுகு ரசமும் எனக்கு அதைவிடப் பிடித்தது, விலையும் கட்டுப்படியாகும். பனிக்காலம்தான் இதற்குப் பருவம்.

இந்த மீனை மொத்த விலைக்கு ஏலம் விடுகிற இடம் ஹயெதோமாரி சந்தை. விடியும் முன்பே நடக்கும், சும்மா போய் நின்று பார்க்கிற இடமும் இல்லை. ஆனால் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏலக்காரர் முன்கையில் ஒரு கறுப்புத் துணிப்பையை மாட்டியிருப்பார். வாங்குகிறவர் ஒவ்வொருவராக அந்தப் பைக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எப்படிப் பிடி என்பதுதான் விலை. யாருக்கும் தெரியாது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்கவே ஒன்றும் இல்லை.

சைவக்காரர்கள் என்ன செய்வது

கஷ்டம்தான், மறைத்துப் பயன் இல்லை. கண்ணுக்குக் காய்கறியாகத் தெரிவதிலும் மீன் சாறு இருக்கும். ‘டாஷி’ என்பார்கள், சூப், சோயாக் குழம்பு, நூடுல்ஸ், வேகவைத்த கீரை எல்லாவற்றிலும் அதுதான் அடி. “நிகு மோ சகானா மோ டாஷி மோ தாபெமாசென்” என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் சாப்பிடமாட்டேன். இன்னும் நல்லது, இதை ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுவது. என் மனைவி மூன்று நாளும் ஓட்டியது உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை, பழம், ரொட்டி, அப்புறம் நாங்கள் கொண்டுபோன பருப்புப்பொடி, நல்லெண்ணெய். கடையில் சூடான வெறும் சோறு டப்பா கிடைக்கும், பொடிக்கு அது போதும். ஒரு எச்சரிக்கை: பச்சைக் கறிவேப்பிலை, பழம் எதையும் ஊரிலிருந்து எடுத்துப் போகாதீர்கள், தாவரச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். கொகுராவில் இந்தியச் சாப்பாட்டுக் கடை என்று பலகை பார்த்தால் நுழையலாம். சமைப்பவர் பெரும்பாலும் நேபாளியாக இருப்பார், இந்தியில் பேசிச் சமாளிக்கலாம். தமிழில் பேசியும் பார்த்தேன். பருப்பு என்ற சொல் மட்டும் செல்லுபடியாகவில்லை.

கரையோரமாகக் கிழக்கே நடங்கள்

சந்தையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் மேட்டின்மேல் ஷுன்பன்ரோ. தடை நீங்கிய அதே விடுதி. 1895 ஏப்ரல் 17-இல் ஜப்பானும் சீனாவும் போர் முடித்து ஒப்பந்தம் போட்டதும் இங்கேதான். பக்கத்தில் சின்ன நினைவுக் கூடம், நுழைவு இலவசம். பேச்சு நடந்த அறையை மேஜை நாற்காலியோடு அமைத்து வைத்திருக்கிறார்கள். நிறையப் பேர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். பக்கவாட்டில் குன்றோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை போகும், அதிலே கொஞ்சம் நடங்கள். சீனத் தூதர் லீ ஹோங்சாங் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் ஒரு ஜப்பானியன் அவரைச் சுட்டுவிட்டான். முகத்தில் காயம். குணமானபின் பெரிய தெருவைத் தவிர்த்து, தங்கியிருந்த கோயிலிலிருந்து இந்தப் பாதை வழியாகத்தான் வந்துபோனார். இன்றும் அவர் பெயர்தான் பாதைக்கு. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது, பூனைகள் மட்டும் இருக்கும்.

அந்த ஒப்பந்தத்தில் தைவான் ஜப்பான் கைக்குப் போனது. அதை நினைவில் வையுங்கள், சாயங்காலம் எதிர்க்கரையில் வாழைப்பழமாக வந்து நிற்கும்.

அடுத்து அகாமா கோயில். சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற அதன் வாசல் கடலுக்கடி அரண்மனை மாதிரி கட்டியது. காரணம் இருக்கிறது. 1185-இல் இந்த நீரிணையில்தான் தைரா குலமும் மினாமோத்தோ குலமும் கடைசிக் கடற்போர் நடத்தின. தைரா தோற்றது. ஆறேழு வயதுச் சக்கரவர்த்தி அந்தோகுவை, அலைகளுக்குக் கீழேயும் ஒரு தலைநகர் இருக்கிறது என்று தேற்றி, பாட்டி அணைத்தபடி கடலில் குதித்தாள் என்பது கதை. அந்தக் குழந்தைக்குத்தான் இந்தக் கோயில். உள்ளே இடப்பக்கம் தைரா வீரர்களின் கல்லறைகள், பாசி பிடித்து மர நிழலில் இருக்கும். அருகிலேயே ஜப்பானியப் பேய்க்கதையில் வரும் காதறுந்த பாணன் ஹோய்ச்சியின் சிறு கோயில். மே 2 முதல் 4 வரை விழா. 3-ஆம் தேதி அலங்கார உடை உடுத்திய பெண்கள் ஊர்வலமாக வந்து வணங்குவார்கள். அந்தச் சமயம் என்றால் அறையை மாதங்களுக்கு முன்பே பிடியுங்கள்.

இன்னும் கால் மணி நேரம் நடந்தால், நீரிணைக்கு மேலே போகிற பாலத்தின் காலடியில் மிமோசுசோகாவா பூங்கா. பழைய பீரங்கிகளின் மாதிரிகள் கடலைப் பார்த்து நிற்கும். 1863-இல் இந்தக் கரையிலிருந்துதான் வெளிநாட்டுக் கப்பல்களைச் சுட்டார்கள். மறுவருஷம் நான்கு நாட்டுக் கப்பற்படை வந்து பீரங்கிகளை அடித்து நொறுக்கிவிட்டுப் போனது.

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கரையில் நிற்கிற மின்பலகையைப் பாருங்கள். மாறி மாறி மூன்று காட்டும்: கிழக்கா மேற்கா என்பதற்கு ஒரு ஆங்கில எழுத்து, ஒரு எண், மேலோ கீழோ பார்க்கிற ஒரு அம்பு. நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), இனி கூடுமா குறையுமா. அவ்வளவுதான். கப்பல்காரர்களுக்காக வைத்தது. காற்றை அது வருகிற திசையால் சொல்வோம். நீரோட்டத்தை அது போகிற திசையால் சொல்வோம். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எல்லாம் தலைகீழ். நாளுக்கு நான்கு தடவை ஓட்டம் திரும்பும், வேகம் பத்து நாட் வரைகூடப் போகும். நான் பார்த்த மதியம் மேற்கு, 6, மேல் அம்பு. ஓட்டத்தோடு வந்த ஒரு சரக்குக் கப்பல் பாலத்தடியில் சறுக்கிக்கொண்டு போனது. எதிர்த்து வந்தது சுமை ஏற்றிய சின்ன டேங்கர். எஞ்சின் முக்குகிற சத்தம் கரை வரை கேட்கிறது, முன்னால் நுரை தள்ளுகிறது, ஆனால் எதிர்க்கரை விளக்குக் கம்பத்தோடு வைத்துப் பார்த்தால் ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. முழு ஓட்டம் எத்தனை மணிக்கு என்று கடலோரக் காவல் படை முன்கூட்டியே வெளியிடுகிறது. அன்றைய நாளை அந்த மணியைச் சுற்றித் திட்டமிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடலுக்கடியில் நடப்பது

பூங்காவுக்கு எதிரிலேயே சுரங்கப்பாதை லிஃப்ட். காலை 6 முதல் இரவு 10 வரை. நடப்பவர்களுக்குக் காசு இல்லை. சைக்கிள் தள்ளிக்கொண்டு போனால் 20 யென். போருக்கு முன்பே தோண்ட ஆரம்பித்து 1958-இல் திறந்தது. நீளம் 780 மீட்டர். மேல்தட்டில் கார் ஓடும், கீழ்த்தட்டில் நாம். தலைக்குமேல் ஓயாமல் ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அற்புதக் காட்சி ஒன்றும் இல்லை, வெறும் குழாய். மூச்சுத் திணறுமோ என்று என் மனைவி பயந்தாள். உள்ளே போனால் ஓட்டமாக ஓடுகிற பையன்கள், கை வீசி நடக்கிற பாட்டிகள். மழை, வெயில் என்று பார்க்காமல் உள்ளூர்க்காரர்கள் தினமும் நடைப்பயிற்சிக்கு இங்கேதான் வருகிறார்கள். நடுவில் தரையில் மாகாண எல்லைக் கோடு. ஆளுக்கு ஒரு கால் இந்தத் தீவின் மாகாணத்தில், ஒரு கால் அந்தத் தீவின் மாகாணத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முனையிலும் முத்திரை இருக்கிறது. ஒரே தாளில் பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் குத்தினால் முழுப்படமாகும். முதல் தடவை நான் இந்தப் பக்கம் குத்த மறந்துவிட்டேன்.

மோஜி பக்கம் மேலே வந்ததும் பாலத்துக்கு நேர் கீழே மெகாரி கோயில். கல்விளக்குகள் கடலுக்குள்ளேயே நிற்கும். இங்கே நீரோட்டம் காலுக்குப் பக்கத்தில் ஓடுவதால் சத்தமே வேறு.

தெம்பு இருந்தால் மேலே குன்றில் பர்மா பாணியில் ஒரு பகோடா, போருக்குப் பின் 1950-களில் கட்டியது. பர்மாவுக்குப் போன படைகள் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. திரும்பாதவர்களுக்காக எழுப்பியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு சயாம்–பர்மா ரயில் பாதையில் செத்த தமிழர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அந்தக் கணக்கின் இன்னொரு முனை இந்தத் துறைமுகம் என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. என் மனைவி எதுவும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

மோஜிகோவுக்குத் திரும்பக் கரையோரமாக அரை மணி நடை. மார்ச் முதல் நவம்பர் வரை சனி, ஞாயிறுகளில் பழைய சரக்குத் தடத்தில் ஒரு குட்டி ரயில் ஓடும். பத்து நிமிஷம், சைக்கிள் வேகம். குழந்தைகள் இருந்தால் அதிலே போங்கள்.

சாயங்காலத்து வாழைப்பழம்

தைவான் ஜப்பானிடம் வந்தபின் அங்கிருந்து வாழைப்பழம் கப்பல் கப்பலாக மோஜிக்கு வந்து இறங்கியது. வழியிலேயே பழுத்துப்போனதை உள்நாட்டுக்கு அனுப்ப முடியாது. அன்றைக்கே தள்ளவேண்டும். தெருவில் பலகை போட்டு, தடியால் தட்டித் தாளம் போட்டு, பாட்டாகப் பாடி, அதிக விலையில் ஆரம்பித்து இறக்கிக்கொண்டே வருவார்கள். அந்த ஏலத்தை வாரக் கடைசிகளில் இன்றும் நடத்திக் காட்டுவதுண்டு. பாட்டு புரியாது, ஆனால் எந்த இடத்தில் கை தூக்கவேண்டும் என்று ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தார் பேரம் பார்த்தவனுக்குத் தெரியாதா? ஒரு சீப்பு எங்களுக்கு விழுந்தது. மூன்று நாள் சோற்றுருண்டைக்குப் பிறகு என் மனைவி முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

இந்த ஊர்ச் சிறப்பு ‘யாகி கறி’: சோற்றின்மேல் கறிக்குழம்பு, முட்டை, சீஸ் போட்டு அடுப்பில் சுட்டது. துறைமுகத்தைச் சுற்றி நிறையக் கடைகள். குழம்பு மாட்டிறைச்சிச் சாறாக இருக்கலாம், கேட்டுக்கொண்டு உட்காருங்கள். நம் நாக்குக்குக் காரம் போதாது. சீஸ் தீய்ந்த ஓரம் மட்டும் அருமை.

இருட்டியதும் 31-ஆவது மாடிப் பார்வைக் கூடத்துக்கு ஏறலாம். குரோகாவா கிஷோ வடிவமைத்த குடியிருப்புக் கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது, கட்டணம் குறைவு. பாலம், இரண்டு ஊர், இடையில் ஊர்கிற விளக்குகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆகஸ்ட் 13 இரவு இரண்டு கரையிலிருந்தும் வாணவேடிக்கை விடுவார்கள். அன்றைக்கு மட்டும் நான் போகமாட்டேன், கூட்டம் தாங்காது.

ஒன்று பாக்கி. ராத்திரி எதிர்க்கரையில் சாப்பிட்டுக்கொண்டே இருந்துவிடாதீர்கள். படகு முன்னதாகவே நின்றுவிடும், பத்து மணிக்குச் சுரங்கப்பாதையும் மூடிவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் ஷிமோனோசெகி ஸ்டேஷனுக்குப் போய், 1942-இல் கடலுக்கடியில் போட்ட பாதையில் ரயிலேறி மோஜி வரை வந்து, அங்கே மோஜிகோவுக்கு மாறவேண்டும். மோஜியில் இறங்காதீர்கள் என்று சொன்னேன் இல்லையா, இந்த ஒரு தடவை இறங்கித்தான் ஆகவேண்டும்.